ஏழு பேர்ச்சும் ஒரு சிறு கோடும்

(அட்டனில் ஆங்கில ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வரும் வழியில், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "இன்னைக்கு எதைப் பத்திப் பேசப் போறீங்க சேர்?" ஹைபன் என்றேன். "அது என்னா மருந்துங்க?" என்றார். விரலால் காற்றில் சின்னதாக ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துவிட்டு, "அதுக்கா ஒரு மணித்தியாலம்?" என்றார்.

நியாயமான கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்திருக்கிறேன். பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்தக் கோட்டைச் சிவப்புப் பேனாவால் எத்தனை ஆயிரம் தடவை சேர்த்தேன், எத்தனை தடவை அடித்தேன் என்று கணக்கில்லை. ஏன் சேர்த்தேன், ஏன் அடித்தேன் என்று சொன்னதுதான் குறைவு. எனக்குப் படிப்பித்தவர்களும் சொல்லவில்லை. "டிக்ஷனரியைப் பார்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழைய கடனை அடைக்க வந்திருக்கிறேன்.

ஒரு பணக்கணக்கில் தொடங்குகிறேன். கோயில் திருவிழாவுக்குத் தாள் மாற்ற வேண்டும். தோட்டத்துப் பொருளாளர் வங்கிக்கு ஆங்கிலத்தில் துண்டு எழுதுகிறார்: 'ஃபைவ் ஹன்ட்ரட் ருப்பி நோட்ஸ்.' கோடு எங்கேயும் இல்லை. வங்கிக்காரர் இதை எப்படி வாசிப்பார்? 'ஃபைவ் ஹன்ட்ரட்-ருப்பி நோட்ஸ்' என்று ஹன்ட்ரடையும் ருப்பியையும் மட்டும் கட்டினால், நூறு ரூபாய்த் தாளில் ஐந்து. மொத்தம் 500 ரூபாய். 'ஃபைவ்-ஹன்ட்ரட்-ருப்பி நோட்ஸ்' என்று மூன்றையும் சேர்த்துக் கட்டினால் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். எத்தனை தாள் என்று இன்னும் சொல்லவே இல்லை. சொற்களும் வரிசையும் மாறவில்லை. ஒரு கோடு கூடியதில் காசு மாறிவிட்டது.

இதையே தமிழில் எழுதிப் பாருங்கள். 'ஐந்து நூறு ரூபாய்த் தாள்' என்றால் ஒன்று. 'ஐந்நூறு ரூபாய்த் தாள்' என்றால் வேறு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடக் குழப்பம் வராது. ஐந்தும் நூறும் ஒரே எண்ணாகச் சேர வேண்டிய இடத்தில் தமிழ் சொல்லின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. 'ஐந்து' தன் வாலை உதறிவிட்டு நூறோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலச் சொல் அப்படி வளைந்து கொடுக்காது. பக்கத்தில் யார் வந்து நின்றாலும் அது நின்றபடி நிற்கும். ஆகையால் இரண்டையும் கட்ட வெளியிலிருந்து ஒரு கயிறு வேண்டியிருக்கிறது. அந்தக் கயிறுதான் ஹைபன். புணர்ச்சி படித்தவர்களுக்கு ஹைபன் புதுப்பாடம் அல்ல, ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்கு வேறு எழுத்து என்பதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது.

தோட்டத்துச் சொற்களிலேயே காட்டுகிறேன். 'கொழுந்து பறித்தாள்.' நடுவில் ஒற்று இல்லை. கொழுந்து ஒரு பொருள், பறித்தது ஒரு செயல். 'கொழுந்துக் கூடை.' இங்கே ஒரு க் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தக் கூடை என்ற கேள்விக்கு விடையாகக் கொழுந்து கூடையோடு போய்விட்டது என்பதற்கு அந்தக் க்தான் சாட்சி. இன்னொன்று: 'தேயிலை கோப்பி இறப்பர் பயிரிட்டார்கள்' என்று சமூகக்கல்விப் புத்தகத்தில் வருகிறது. தேயிலையும் கோப்பியும் இறப்பரும். உம்மைத்தொகை, வல்லினம் மிகாது. அந்த இடத்தில் கை தவறி ஒரு க் போட்டுவிட்டால் 'தேயிலைக் கோப்பி' ஆகிவிடும். தேயிலையில் போட்ட கோப்பியை எந்தத் தோட்டத்திலும் யாரும் குடித்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'லயக்காம்பரா'. லைன் என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் லயமாயிற்று. காம்பரா போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். இங்கிலீசுக்காரனையும் போர்த்துக்கீசனையும் நடுவில் நின்று கட்டிவைப்பது ஒரு தமிழ்க் க். அந்தக் க்கை அங்கே போட்டவர்கள் நன்னூல் படித்தவர்கள் அல்லர். விடியக்காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறியவர்கள். காதுக்குத் தெரிந்த இலக்கணம் அது.

ஹைபனில் சிக்கலே அங்கேதான். அது காதில் விழாது. வாயால் சொல்லும்போது ஆங்கிலேயன் குரலை ஏற்றி இறக்கிச் சமாளித்துக்கொள்வான். கடதாசியில் எழுதும்போது அந்தக் குரல் இருக்காது. நமக்கோ அந்த ஏற்ற இறக்கம் தாய்ப்பாலோடு வந்ததும் அல்ல. காதை நம்பாமல் ஒரு சோதனை வைத்துக்கொள்ள வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு சொல் நின்றால், ஒவ்வொன்றையும் தனியே அந்தப் பெயரோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே பொருந்தினால் கோடு வேண்டாம். ஒன்றை எடுத்தால் மற்றது தள்ளாடினால், அல்லது வேறு எங்கேயோ போய் விழுந்தால், இரண்டையும் கட்டுங்கள்.

நம் தேயிலையே நல்ல உதாரணம். வியாபாரத்தில் 4,000 அடிக்கு மேல் விளைவது 'ஹை-குரோன் டீ'. 2,000 முதல் 4,000 அடி வரை 'மிட்-குரோன்', அதற்குக் கீழே 'லோ-குரோன்'. திம்புள்ள, டிக்கோயா, நுவரெலியா எல்லாம் ஹை-குரோன். இப்போது சோதனையைச் செய்யுங்கள். நடுச்சொல்லை எடுத்துவிட்டால் 'ஹை டீ' மிஞ்சும். ஹை டீ என்றால் என்ன? நுவரெலியாவின் பெரிய ஹோட்டல்களில் பின்னேரம் சான்ட்விச்சும் கேக்கும் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்களே, அது. கொழுந்து எடுத்தவர்கள் பக்கத்தில் போய்ப் பார்க்காத டீ. ஆகவே 'ஹை' தேயிலைக்குச் சொந்தமில்லை, 'குரோன்' என்பதற்குச் சொந்தம். கட்டுங்கள்.

அடுத்தது தேயிலை ஸ்டோருக்குப் போவோம். மேல்தட்டில் வாட்டப் போட்ட கொழுந்தை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்தால், பதமாக வாடியது உருண்டையாக நிற்கும், முறிந்து நொறுங்காது. கையை விரித்தால் மெல்ல மெல்ல அவிழும். அதை 'வெல்-விதர்ட் லீஃப்' என்று எழுதினால் நடுவில் கோடு. 'த லீஃப் இஸ் வெல் விதர்ட்' என்று பெயருக்குப் பின்னால் வைத்தால் கோடு இல்லை. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பின்னால் வரும்போது சொல் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதில் சந்தேகமில்லை. பெயர் முன்னாலேயே போய்விட்டது, பற்றிக்கொள்ள வேறு ஆள் இல்லை. முன்னால் நிற்கும்போதுதான் வாசிக்கிறவர் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் தடுமாறுவார்.

'ஃப்ரெஷ்லி பிளக்ட் லீஃப்' என்றால் முன்னால் நின்றாலும் கோடு இல்லை. 'லி' என்ற விகுதியே நான் அடுத்த சொல்லைச் சேர்ந்தவன் என்று சொல்லிவிடுகிறது. 'புதிதாகப் பறித்த கொழுந்து' என்பதில் 'ஆக' செய்யும் வேலை அது. இந்த இடத்தில் கோடு போடுவதுதான் ஆசிரியர்களாகிய நாமே அதிகம் செய்யும் பிழை. நானும் செய்திருக்கிறேன், கேள்வித்தாளில்.

இனி என் தலைப்புக்கு வருகிறேன். ஏழு பேர்ச் காணி. 2015க்குப் பிறகு வந்த வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் என்ற பேச்சு மலையகம் முழுக்க எழுந்தது. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். அதற்கு முன்னால் நமக்கு இருந்தது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. 120 சதுர அடி. அதிலும் ஒரு வரிசைக் காம்பராக்களின் பின்சுவரே அடுத்த வரிசைக்கும் பின்சுவர். முதுகோடு முதுகு ஒட்டிய இந்த லயங்களை ஆங்கில அறிக்கைகள் 'பேக்-டு-பேக் லைன்ஸ்' என்கின்றன. மூன்று சொல், இரண்டு கோடு. எழுத்திலும் இடைவெளி இல்லாத லயம்.

'ஸெவன்-பேர்ச் பிளாட்' என்று எழுதும்போது கோடு போட்டால் போதாது. பேர்ச் ஒருமையில் நிற்க வேண்டும். 'ஸெவன்-பேர்ச்சஸ் பிளாட்' பிழை. 'எ பிளாட் ஒஃப் ஸெவன் பேர்ச்சஸ்' என்று அவிழ்த்து எழுதினால் பன்மை திரும்பி வந்துவிடும், கோடு போய்விடும். கட்டிய கட்டுக்குள் போன சொல் பெயர் என்ற பதவியை இழந்து அடைமொழி ஆகிறது. ஆங்கிலத்தில் அடைமொழிக்குப் பன்மை கிடையாது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளமும் அப்படித்தான்: '1,000-ருப்பி வேஜ்'. ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் ருப்பி ஒருமைதான். 'டென்-ஃபுட் ரூம்', 'டூ-டே ஸ்ட்ரைக்' எல்லாம் இதே கதை.

வேடிக்கை என்னவென்றால் நம் வாய்க்கு இது இயல்பாகவே தெரியும். 'ரெண்டு நாள் வேலைநிறுத்தம்' என்கிறோம். 'ரெண்டு நாட்கள் வேலைநிறுத்தம்' என்று எந்தத் தலைவரும் மேடையில் முழங்கியதில்லை. 'பத்தடிக் காம்பரா' என்கிறோம், 'பத்தடிகள் காம்பரா' இல்லை. ஆனால் ஆங்கிலச் சொல் என்று வந்தவுடன் நமக்குப் பயம் பிடித்துவிடுகிறது. பத்திரிகைகளைப் பாருங்கள்: '7 பேர்ச்சஸ் காணி'. ஆங்கிலேயனே விட்டுவிட்ட பன்மையை நாம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

கோடு என்றைக்கும் நிரந்தரமா என்றால், இல்லை. ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தண்டையும் சீவிப் பொருத்தி நார் சுற்றுவார்கள். ஒட்டுப் பிடித்ததும் நாரை அவிழ்த்துவிட வேண்டும். விட்டுவைத்தால் தண்டை இறுக்கிக் கெடுத்துவிடும். ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் ஹைபன் பல வேளை அந்த நார்தான். டீயும் பாட்டும் ஒரு காலத்தில் கோட்டோடு 'டீ-பாட்' ஆக நின்றன. இன்றைக்கு ஒரே சொல். கப்பும் ஸ்பூனும் அதே வழியில் போயின. 2007இல் ஷோர்ட்டர் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியின் ஆறாம் பதிப்பு வந்தபோது ஏறக்குறைய 16,000 சொற்களிலிருந்து ஹைபனை எடுத்துவிட்டார்கள். எடுத்த எல்லாம் ஒட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். 'கிரைபேபி', 'லீப்ஃபிராக்' போன்றவை ஒட்டின. 'ஐஸ் கிரீம்', 'டெஸ்ட் டியூப்' போன்றவை பிரிந்து தனித்தனியாகப் போய்விட்டன. எது ஒட்டும், எது பிரியும் என்பதற்குச் சூத்திரம் கேட்டு யாரும் என்னிடம் வரவேண்டாம். இந்த வகைச் சொற்களுக்கு என் ஆசிரியர்கள் சொன்னதேதான்: டிக்ஷனரியைப் பார். ஆனால் ஒரே டிக்ஷனரியைப் பார். முதல் பக்கத்தில் ஒக்ஸ்ஃபோர்ட், மூன்றாம் பக்கத்தில் வெப்ஸ்டர் என்று தாவாதே.

செக்ரோலை எடுங்கள். தோட்டத்து ஆங்கிலக் கடதாசிகளில் இதை மூன்று விதமாகக் கண்டிருக்கிறேன்: பிரித்து, கோடு போட்டு, ஒட்டி. துரைமாருக்குள் ஒற்றுமை இல்லை. நம் ஆட்களோ தொடக்கத்திலிருந்தே ஒரே மூச்சில் 'செக்ரோல்'. அதில் பேர் இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவு முக்கியமான சொல்லை யார் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்?

தேயிலைப் பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் 'புரோக்கன் ஆரேஞ்ச் பீக்கோ'வுக்கு ஏன் கோடு இல்லை என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. உடைந்தது ஆரேஞ்ச் இல்லை. ஆரேஞ்ச் பீக்கோ என்ற தரத் தேயிலைதான் உடைந்தது. பீக்கோ என்பது சீனத்திலிருந்து வந்த சொல், துளிர்மேல் இருக்கும் வெள்ளைப் பூனைமயிரைக் குறிப்பது. பெரிய எழுத்தில் தொடங்கும் பெயராகிவிட்டால் ஆங்கிலம் கோட்டைத் தள்ளுபடி செய்துவிடும். பெரிய எழுத்தே கட்டிவிடுகிறது. தோட்டத்தில் அந்தச் சிக்கலும் இல்லை, பீஓபி என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறோம்.

முன்னொட்டுகளில் நின்று நேரத்தைக் கரைக்க மாட்டேன். இரண்டே இரண்டு. தோட்டத்துக் கோப்பரட்டிவ் கடையை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது 'கோ-ஒப்' என்று கோடு போடாவிட்டால் அது 'கூப்' ஆகும். கூப் என்றால் கோழிக்கூடு. அடுத்தது கூட்டு ஒப்பந்தம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் அதில் திரும்பக் கையெழுத்து வைத்த காலத்தை இங்கே பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'த லீடர் வில் ரீ-சைன்' என்றால் தலைவர் மறுபடி கையெழுத்திடுவார். கோட்டை எடுத்துவிட்டால் தலைவர் ராஜினாமா செய்வார். சில வருடங்களில் மக்கள் விரும்பியது கோடு இல்லாத வசனத்தைத்தான்.

ஒரு கோட்டுக்கு இவ்வளவு பாடா என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 1962 ஜூலை 22 அன்று வெள்ளிக் கிரகத்துக்கு நாஸா அனுப்பிய மரினர் 1 ஏவிய ஐந்து நிமிடத்துக்குள் பாதை தவறியது. தரையிலிருந்தே அதை வெடிக்க வைத்து அழித்தார்கள். வழிகாட்டும் கணினி நிரலில் ஒரு ஹைபன் விடுபட்டதுதான் காரணம் என்று செய்தி பரவியது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அந்த ஹைபனின் விலையைப் பற்றிக் கேலியாக எழுதினார்.  வகுப்பில் இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். கூடவே உண்மையையும் சொல்லிவிடுங்கள். விடுபட்டது ஹைபன் அல்ல, கையால் எழுதிய சமன்பாட்டில் ஓர் எழுத்தின் தலைமேல் இருந்திருக்க வேண்டிய கோடு. நம் ஹைபன் செய்யாத குற்றத்துக்குப் பேர் வாங்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சொல்லை இன்னொன்றுக்கு அடையாக்கும் கோடு. இன்னொரு வகை உண்டு: 'உம்' என்ற பொருளில் வருவது. அது இரண்டு சம ஆட்களை நிறுத்தி வைக்கும். அச்சில் அதைச் சற்று நீட்டிப் போடுவார்கள். ஏன் நீட்டவேண்டும்? நம் தொகுதியையே பாருங்கள். 1977 தேர்தலில் மூன்று உறுப்பினர் தொகுதி ஒன்று இருந்தது: நுவரெலியா–மஸ்கெலியா. காமினி திஸாநாயக்க, அநுர பண்டாரநாயக்க, சௌமியமூர்த்தி தொண்டமான் மூவரும் அதிலிருந்து பாராளுமன்றம் போனார்கள். தமிழில் நுவரெலியா ஒரே சொல்; தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் 'நுவர எலிய' இரண்டு சொல். சிறு கோடு போட்டால் 'எலிய-மஸ்கெலிய' மட்டும் ஒட்டிக்கொண்டு, 'நுவர' தனியே வெளியில் நிற்கும். நீண்ட கோடு போட்டால்தான் அந்தப் பக்கம் முழு ஊர், இந்தப் பக்கம் முழு ஊர் என்று தெரியும்.

இந்த வகைக் கோட்டில் நமக்கு மறக்கமுடியாதது 1964 அக்டோபர் 30இல் போட்டது: ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம். இரண்டு பிரதமர்களின் பெயர், நடுவில் ஒரு கோடு. நம் ஆட்களில் 975,000 பேரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்ட கணக்கு அது. 525,000 பேர் கோட்டுக்கு அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம். மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று கோட்டின் மேலேயே விட்டுவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல்தான் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தின் இன்னொரு பெயர் 'இந்தோ-சிலோன் எக்ரிமென்ட்'. இதில் கோடு கட்டாயம், ஏனென்றால் 'இந்தோ' தனியாக நிற்கத் தெரியாத சொல். தனியாக நிற்க முடியாதவர்களைப் பற்றிய ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு சொல் வாய்த்தது.

இனி நம் பெயருக்கே வருவோம். 1911 குடிசன மதிப்பீட்டில் நம்மை 'இந்தியன் தமில்ஸ்' என்று தனிப்பிரிவாக எண்ணத் தொடங்கினார்கள். நடுவில் ஹைபன் இல்லை. இலக்கணப்படி வாசித்தால், கடைசிச் சொல்தான் தலை; முன்சொல் எந்த வகை என்று மட்டும் சொல்லும். எந்த வகைத் தமிழர்? இந்திய வகை. 1823இல் கம்பளைப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி போட்ட காலத்திலிருந்து கணக்கு வைத்தாலும், அதற்குள் கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் ஓடியிருந்தது. இந்த மலையிலேயே பிறந்த பிள்ளையின் பெயருக்கு முன்னாலும் அந்த முன்சொல் வந்து நின்றது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்களாக்கியபோது அந்த முன்சொல்லின் எடை என்னவென்று தெரிந்தது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான சண்டை. ஐரிஷ்-அமெரிக்கன், ஜெர்மன்-அமெரிக்கன் என்று கோடு போட்டுக்கொண்டவர்களை 'ஹைபன் போட்ட அமெரிக்கர்' என்று பழித்தார்கள். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1915இல் நியூயோர்க்கில் அதற்காகவே ஒரு பேச்சுப் பேசினார். அங்கே கோடு இருக்கிறதே என்று கோபம். கோட்டின் மறுபக்கத்தில் 'அமெரிக்கன்' என்றாவது எழுதியிருந்ததே என்று நான் நினைத்துக்கொள்வேன். நமக்கு எழுதிய பெயரில் பிறந்த நாட்டின் பேச்சே கிடையாது.

பிற்பாடு சட்டம் எழுதியவர்கள் 'இந்தியன்-ஒரிஜின்' என்று முன்னால் கட்டாமல், பின்னால் தள்ளி 'பேர்சன்ஸ் ஒஃப் இந்தியன் ஒரிஜின்' என்றார்கள். 2003இன் 35ஆம் இலக்கப் பிரஜாவுரிமை வழங்கல் சட்டத்தின் பெயரில் பார்க்கலாம். பெயருக்குப் பின்னால் போனால் கோடு வேண்டாம் என்று வாடிய கொழுந்தில் பார்த்தோமே, அதே விதி. 'பேர்சன்ஸ்' முதலில் வந்துவிட்டது. ஆள் முதல், பூர்வீகம் பிறகு. சட்ட வரைவாளர் இதை யோசித்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வசன அமைப்பு அப்படி வாசிக்க இடம் தருகிறது.

நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். நடுவில் ஒரு த் இருக்கிறது. 2023இல் இருநூறு வருட நினைவாக நடந்த மலையகம் 200 நிகழ்ச்சிகளின்போது சுவரொட்டிகளிலும் பதாகைகளிலும் 'மலையக தமிழர்' என்று த் இல்லாமல் நிறையப் பார்த்தேன். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனவர்கள் கையில் பிடித்த பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட மனசு எப்படி வருகிறது? மலையகத்தையும் தமிழரையும் கட்டுவது அந்தத் த்தான். சி. வி. வேலுப்பிள்ளை, பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினர், 1954இல் ஆங்கிலத்தில் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற கவிதை நூலைக் கொண்டுவந்தார். டீக்கும் கார்டனுக்கும் நடுவில் கோடு இல்லை. ஆங்கிலத்துக்கு அது போதும். சக்தி அ. பாலஐயா அதைத் தமிழாக்கியபோது 'தேயிலைத் தோட்டத்திலே' ஆயிற்று. அங்கே ஒரு த் தானாக வந்து சேர்ந்துகொண்டது.

கடைசியாக என் பிழை ஒன்று. எங்கள் அத்தையின் பெயர் முத்துலெட்சுமி, ராஜலெட்சுமி மாதிரி இரண்டு சொல் சேர்ந்த பெயர். பிறப்புப் பத்திரத்தில் அதை ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். அடையாள அட்டையில் ஒன்றாக. மலையகத்தில் இது எத்தனை வீட்டுக் கதை என்று உங்களுக்கே தெரியும். ஓய்வுபெற்றபோது வரவேண்டிய காசுக்கு ஒரு அலுவலகத்துக்குப் போனார். இது இரண்டு ஆள் பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி வாங்கிவரச் சொன்னார்கள்.

நான் அப்போது புதிதாக ஆங்கில ஆசிரியர் நியமனம் பெற்ற பையன். கடதாசியை நானே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். பிரித்து எழுதினால் அடையாள அட்டைக்காரர் கோபிப்பார், சேர்த்து எழுதினால் பிறப்புப் பத்திரக்காரர் கோபிப்பார். நடுவில் ஒரு ஹைபன் போட்டால் இருவருக்கும் பொது என்று என் மூளை சொன்னது. அழகாகத் தட்டச்சில் அடித்து, கோடு போட்டு, முத்திரை வாங்கி, அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் மூன்று கடதாசிகளையும் பக்கம் பக்கமாக வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "இதுவரைக்கும் ரெண்டு பேர் இருந்தாங்க. இப்ப மூணு பேர்."

பஸ் வரும்வரை அத்தை ஒன்றும் பேசவில்லை. மழைத் தூறலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, மடியில் இருந்த வெற்றிலைப் பையைத் துழாவி ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டார். பிறகு சொன்னார்: "நீ இங்கிலீசு படிச்சதுல எனக்கு ஒரு பேரு கூடிப்போச்சுடா."